அம்பாசிடருக்குள் ஆல்டோ காற்று

திண்டுக்கல், மலைக்கோட்டைக்குக் கீழே

கத்திரி வெயில் நாட்களில் திண்டுக்கல்காரர்கள் நிறுத்திவைத்த காரில் நேராக ஏறி உட்காருவதில்லை. நாலு கதவையும் திறந்து போட்டுவிட்டு, வேப்பமர நிழலில் ஒதுங்கி நின்று, கொஞ்சம் ஊர்க்கதை பேசி முடித்த பிறகுதான் ஏறுகிறார்கள். ஊருக்கு நடுவே நிற்கும் அந்த ஒற்றைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி வெகு நேரம் வரைக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. 1605-இல் நாயக்கர் கட்டிய கோட்டை, 1755-இல் ஹைதர் அலி வந்து பொறுப்பேற்ற கோட்டை என்று பெருமைக்குக் குறைவில்லை. ஆனாலும் மே மாதத்தில் அதன்மேல் ஏறிப் பார்க்கச் சொல்லி உள்ளூர்க்காரர் ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. அவர்களுக்கு விவரம் தெரியும்.

சென்னை வெயிலில் ஊறிய எனக்கு இந்த வெயில் வேறு ஜாதி. எங்கள் ஊரில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இங்கே வேர்த்த சுவடே தெரியாது, சட்டையில் உப்புக் கோடு மட்டும் மிஞ்சும். தென்மேற்குப் பருவமழையை மேற்கே மலை மறித்துக்கொள்வதால் சமவெளிக்கு வந்து சேர்வது பெரும்பாலும் காய்ந்த காற்றுதான். இந்த வித்தியாசம் பின்னால் ஒரு காரின் அடிவயிற்றில் கண்கூடாகத் தெரியப்போகிறது என்று அப்போது தெரியாது.

என் தாய்மாமா வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1978 மாடல் அம்பாசிடர் ஒன்று வைத்திருக்கிறார். மார்க் 3, பெட்ரோல், வெள்ளை என்று சொல்லிக்கொள்ளும் நிறம். அத்தைக்கு மூட்டுவலி. பஸ் ஏற முடியாது; இந்த வெயிலில் அந்தக் காரிலும் ஏற முடியாது என்று கையை விரித்துவிட்டார். "ஒண்ணு ஏ.சி. போடுங்க, இல்லாட்டி வித்துட்டு வேற வாங்குங்க" என்பது அத்தையின் கெடு. விற்பது என்ற பேச்சுக்கே மாமா இடம் கொடுப்பவர் அல்ல. எனக்குப் போன் வந்தது. "மாப்ளே, லீவு போட்டுட்டு வா. ஆல்டோவோட ஏ.சி.யக் கழட்டி நம்ம வண்டிக்குள்ள வைக்கிறாங்க. இந்த வேடிக்கைய மெட்ராஸ்ல பாக்க முடியாது."

மெட்ராஸிலும் பார்க்கலாம் என்பதுதான் உண்மை. புதுப்பேட்டையில் பிரித்துப் போட்ட கார்கள் தெருத் தெருவாகக் கிடக்கின்றன. ஆனால் மாமாவிடம் அதையெல்லாம் சொல்ல முடியுமா?

பேகம்பூர்ப் பக்கம் ஒரு பட்டறை

பேகம்பூர்ப் பெரிய பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தப் பட்டறை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் ஒரு புங்கமரம், உள்ளே முகம் கழற்றிய அம்பாசிடர். கிரில் இல்லை, பானெட் இல்லை, டாஷ்போர்டு தனியாக ஒரு பெஞ்சின்மேல். மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அறுபதை நெருங்கும் வயது, காதில் பென்சில். மாமாவை அவர் "மில்லுக்கார சார்" என்றார், அதே மூச்சில் என்னையும் "வாங்க சார், மருமகன்தானே?" என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

பெஞ்சின் மறுமுனையில் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஒன்று இருந்தது. நம் கார்களில் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் ஓட்டுபவர்களில் பலர் ஆயுசுக்கும் பார்த்திராத பொருள். ஊதுவதற்கு ஒரு ப்ளோயர், குளிர்விக்க ஒரு கூலிங் காயில், சூடாக்க ஒரு ஹீட்டர் காயில், காற்றை இப்படியும் அப்படியும் திருப்பிவிட மூன்று நான்கு மடல்கள். கேஸ் கூலிங் காயிலுக்குள் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சினைச் சுற்றிவரும் கொதிநீர் ஹீட்டர் காயிலுக்குள் ஓடுகிறது. நடுவில் இருக்கும் மடல், எந்தக் காற்று எவ்வளவு என்று கலந்து அனுப்புகிறது. வெயிலும் பனியும் ஒரே பெட்டிக்குள்.

இப்படி இரண்டையும் ஒன்றாக்கி டாஷ்போர்டுக்கு அடியிலேயே அடக்கிய அமெரிக்க கார்களில் முன்னோடி 1954-இல் நாஷ் கம்பெனி கொண்டுவந்த வண்டி. அதன் பெயரும் அம்பாசிடர்தான். நம் அம்பாசிடருக்கும் அதற்கும் பெயரைத் தவிர ஒட்டு உறவு கிடையாது. நம்முடையது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்தது. நாஷ் கம்பெனி அதற்கு முன்பே நம் வீடுகளில் ஃப்ரிட்ஜாகப் பழக்கமான கெல்வினேட்டரோடு இணைந்திருந்தது என்பதால் குளிர் விஷயம் அவர்களுக்குக் கைவந்த கலை. அதற்கும் முன்னால் 1939-இல் பேக்கார்டு காட்டிய ஏ.சி. காரில், குளிர் போதும் என்றால் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, பானெட்டைத் திறந்து, கம்ப்ரஸர் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இதை நான் சொன்னபோது பாய் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்ம கிட்டயும் ஒரு காலத்துல அப்படித்தான் சார் வந்துச்சு. சுவிட்ச் போயிரும், பெல்ட்டக் கழட்டிட்டு ஓட்டிட்டுப் போவாங்க."

ஆல்டோவின் பெட்டி ஏன் என்று கேட்டேன். அளவு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் அதன் கேபிள். பெட்டியின் மடல்களை ஆட்டுவது வெறும் இரும்புக் கம்பிதான். குமிழைத் திருகினால் கம்பி இழுக்கும், மடல் திரும்பும். விலை கூடிய வண்டிகளில் இந்த வேலையைக் குட்டி மோட்டார்கள் செய்கின்றன. அவற்றுக்குக் கட்டளை அந்த வண்டியின் கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும். பெட்டியை மட்டும் பெயர்த்து எடுத்து வந்தால் கட்டளை இல்லாமல் மடல் நின்ற இடத்திலேயே நிற்கும். பணக்கார வண்டியின் பெட்டி பழைய வண்டிக்கு உதவாது, ஏழை வண்டியின் பெட்டி உதவும்.

இந்தப் பெட்டி எந்த வண்டியினுடையது? பின்பக்கம் லாரி மோதி, இன்சூரன்ஸ் கைவிட்டு, காயலான் கடைக்கு வந்த ஆல்டோ. பின்னால் அடிபட்ட வண்டிகள்தான் பாய்க்குப் பிடிக்கும். முன்னால் இடிபட்டால் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சர் நொறுங்கியிருக்கும், கம்ப்ரஸரும் சந்தேகம். பின்னால் அடிபட்டதில் முழு செட்டும் தேறும். அவர் கண்டிப்பாகத் தொடாதது வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையிலிருந்து மலிவு விலையில் நிறைய வந்தனவாம். "மோந்து பாத்தாலே தெரிஞ்சிரும் சார். அந்தச் சேத்து வாடை காயிலை விட்டுப் போகவே போகாது. எத்தனை தடவ கழுவினாலும் ஏ.சி.யப் போட்டதும் அடையாறு வரும்." எங்கள் ஊர் ஆற்றைப் பற்றி ஒரு திண்டுக்கல்காரர் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று.

பட்டறைப் பையன் பெட்டியை இரண்டாகப் பிளந்து கழுவிக்கொண்டிருந்தான். கூலிங் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு இடையே வேப்பிலைச் சருகு, நூல் பிசிறு, சாக்லேட் காகிதம். ப்ளோயர் கூண்டை உதறியபோது மஞ்சள் காகிதத்தில் மடித்த பழனி விபூதிப் பொட்டலம் ஒன்று விழுந்தது. முன்கண்ணாடி ஓரத்துத் துவாரம் வழியாக உள்ளே போயிருக்க வேண்டும். பையன் அதை ஈரக் கையோடு எடுக்கத் தயங்கி, "அண்ணே" என்று பாயைப் பார்த்தான். பாய் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்து மாமாவிடம் கொடுத்தார். மாமா அம்பாசிடரின் ஸ்டியரிங்குக்கு ஒரு கோடு இழுத்துவிட்டார்.

அதே பட்டறை, சாயங்காலம் வரை

பெட்டியை உள்ளே வைத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பாயிடம் அரைமணி நேரம் நிற்க வேண்டும். அவருக்குப் பெட்டி கடைசிக் கவலை.

முதல் கவலை கரண்டு. மாமாவின் வண்டியில் இருந்தது டைனமோ. அந்தக் காலத்து டைனமோ முக்கி முனகி இருபது ஆம்பியர் சொச்சம் கொடுக்கும். அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றினால். ப்ளோயர் பத்துக்கு மேல் இழுக்கும், கண்டன்சர் ஃபேன் கிட்டத்தட்ட அதே அளவு, கம்ப்ரஸரின் கிளட்ச்சுக்கு மூன்று நான்கு. ராத்திரி ஹெட்லைட்டும் போட்டால் பேட்டரி வீடு வந்து சேராது. ஆகவே முதலில் டைனமோ வெளியே, ஆல்டர்நேட்டர் உள்ளே.

அடுத்தது எஞ்சின் சூடு. ரேடியேட்டருக்கு முன்னால் கண்டன்சரை நிறுத்தினால், கண்டன்சர் கக்கும் வெப்பம் முழுவதும் ரேடியேட்டர் முகத்தில்தான் அடிக்கும். திண்டுக்கல் வெயிலில் ஏற்கெனவே கொதிக்கும் எஞ்சினுக்கு இது தாங்காது. ரேடியேட்டருக்குக் கூடுதல் வரிசை வைத்து புதிய கோர் போட்டு வாங்கியிருந்தார்கள். மின் விசிறி ஒன்றும் சேர்ந்தது.

கம்ப்ரஸருக்கான பிராக்கெட்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அம்பாசிடர் எஞ்சினில் கம்ப்ரஸர் உட்கார இடமே கிடையாது. கனத்த தகட்டை வெட்டி, மடக்கி, துளையிட்டு ஓர் இருக்கை செய்தாக வேண்டும். லேத்தில் கடைந்து வந்ததைக் கடைசியாக அரம் போட்டுச் சரிசெய்தவர் நாகல்நகர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். பூட்டுப் பட்டறையில் வளர்ந்த கை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்தபோது பூட்டுச் செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டார்கள். கையால் செய்த மாங்காய்ப் பூட்டுக்குள் நெம்புகோல்களை மயிரிழை பிசகாமல் இழைத்துப் பழகியவர், இப்போது புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிசகினால் பெல்ட் கத்தும், பிறகு அறும். ஒரு இழை இழைத்தார், நூல் வைத்தார், ஒற்றைக் கண்ணை மூடினார், இன்னொரு இழை. முக்கால் மணி நேரம் யாரும் அவசரப்படுத்தவில்லை. பாய்கூட வாயைத் திறக்கவில்லை.

அம்பாசிடர் முழுக்க ஓட்டை என்பது அடுத்த சங்கதி. பெடல் நுழையும் இடம், தரை, கதவு ரப்பர் என்று காற்று வராத இடம் கிடையாது. நாற்பது வருஷமாக அதுதான் அதன் ஏ.சி.யாக இருந்தது! அத்தனையையும் அடைத்து, தரைக்கும் கூரைக்கும் வெப்பம் தடுக்கும் விரிப்பு ஒட்டினார்கள். மாமா இதில் தேர்ந்தவர். நூல் அறாமல் இருக்க ஸ்பின்னிங் கூடத்தில் காற்றின் ஈரப்பதத்தை நூற்றுக்கு ஐம்பத்தைந்து அறுபது என்று பிடித்துவைத்திருப்பது அவருடைய பழைய உத்தியோகம். "நூலுக்குக் காத்துப் பதம் பாத்தேன், உங்க அத்தைக்குப் பாக்கல" என்று அவரே சொல்லிக்கொண்டார். அத்தை அங்கே இல்லாத தைரியம்.

ஹீட்டரைப் பற்றித்தான் இருவருக்கும் சின்ன வாக்குவாதம். சமவெளியில் ஹீட்டர் எதற்கு, இரண்டு குழாயையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடுங்கள் என்றார் மாமா. ஊரில் பலரும் அதைத்தான் செய்கிறார்கள். மடலின் பஞ்சு தேய்ந்தால் சூட்டுக் காற்று கசிந்து குளிரைக் கெடுக்கும் என்பதும் நியாயமான பயம்தான். பாய் கேட்டார்: "கொடைக்கானல் போவீங்களா, மாட்டீங்களா?" மாமா யோசித்தார். "போவேன்." "அப்ப ஹீட்டர் இருக்கட்டும். பஞ்சு புதுசு ஒட்டித்தாரேன். தெர்மோஸ்டாட் வால்வும் போடணும்." அந்த வால்வை எந்தக் காலத்திலோ யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். எஞ்சின் சூடாகிறது என்றால் எங்கும் முதலில் கழற்றுவது அதைத்தான். அது இல்லாமல் மலை ஏறினால் குளிர்காற்றில் எஞ்சின் தண்ணீர் சூடே பிடிக்காது. ஹீட்டர் பேருக்குத்தான் இருக்கும்.

மனசுக்கு ஒப்பாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பெட்டி எடுத்த காயலான் கடைக்கும் பாயோடு போயிருந்தேன். அங்கே இன்னொரு வண்டியின் ஏ.சி. குழாயை ஹாக்ஸா பிளேடால் அறுத்தார்கள். புஸ்ஸென்று கேஸ் முழுதும் காற்றோடு போயிற்று. ஓசோனைத் துளைத்த பழைய ஆர்-12-ஐ 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஒழித்தது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரத்து நானூறு மடங்கு. அதை உறிஞ்சி உருளையில் பிடித்துவைக்கும் இயந்திரம் இருக்கிறது. பாயிடமும் இருக்கிறது. காயலான் கடைக்காரருக்கு இரும்பின் எடைதான் கணக்கு. பழையதைத் திரும்பப் பயன்படுத்துவதில் இருக்கும் புண்ணியத்தில் பாதி அந்தப் புஸ்ஸில் போய்விடுகிறது.

மதியச் சாப்பாடு பட்டறைக்கே வந்தது. சீரகச் சம்பா பிரியாணி, நெல்லிக்காய் அளவுக்கு வெட்டிய ஆட்டுக்கறி, மிளகு தூக்கல், தயிரும் எலுமிச்சையும் சேர்ந்த புளிப்பு. 1957-இல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த கடையின் பெயர் இன்று உலகம் சுற்றுகிறது. ஊர்க்காரர்கள் மட்டும் அவரவருக்கென்று ஒரு கடையை ரகசியமாக வைத்திருக்கிறார்கள். பாசுமதியில் செய்து அதற்குத் திண்டுக்கல் என்று பெயர் வைக்கும் சென்னைக் கடைகளைப் பற்றிப் பாய் சொன்னதை எழுத முடியாது.

சின்னாளப்பட்டி, காந்திகிராமம், கொடைரோடு

வேலையெல்லாம் முடிந்த மறுநாள் கொடைக்கானலுக்கு வெள்ளோட்டம். மாமா ஓட்ட, அத்தை முன்சீட்டில், நானும் பாயும் பின்னால். பாய் வருவது சம்பளத்தில் சேராது. எங்கே சத்தம் வருகிறது என்று தானே கேட்டாக வேண்டும் என்று வந்தார்.

மதுரை ரோட்டில் இறங்கியதும் இடதுபக்கம் சிறுமலை கூடவே வந்தது. மலையின் நிழல்கூட வெயிலில் வெளுத்திருந்தது. சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைகள் கடை வாசலில் படபடத்தன. அடுத்து டாக்டர் சௌந்தரம் அம்மாள் 1947-இல் கிராமப் பணிக்காகத் தொடங்கிய காந்திகிராமம். வெளியே முப்பத்தெட்டு டிகிரி. காருக்குள் அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மாமாவின் முகத்தில் பொங்கிய பெருமையைக் கண்ணாடியில் பார்த்தேன்.

நான் கொண்டுபோன தெர்மாமீட்டரைக் காற்றுத் துவாரத்தில் செருகியிருந்தேன். ஓடும்போது பதினொன்று, பன்னிரண்டு. கொடைரோடு டோல்கேட் வரிசையில் நின்றதும் மெல்ல ஏறிப் பதினேழைத் தாண்டியது. அம்பாசிடர் எஞ்சின் நின்ற இடத்தில் மிக மெதுவாகச் சுற்றும். ஆல்டோ கம்ப்ரஸர் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல. போதாததற்கு, கம்ப்ரஸர் இழுக்கும் இழுப்பில் எஞ்சினே அணைந்துவிடப் பார்க்கும். அதற்காகப் பழைய மாருதி 800 கார்புரேட்டரிலிருந்து ஒரு சின்ன வேக்கம் டப்பாவை எடுத்து இதில் பொருத்தியிருந்தார் பாய். ஏ.சி. போட்டதும் அது ஆக்ஸிலேட்டரைத் தானாக ஒரு மயிரளவு தூக்கிப் பிடிக்கும். ஒரே வண்டியில் மூன்று வண்டிகளின் உறுப்புகள். மாருதி 800 நின்றது 2014 ஜனவரியில், உத்தரபாராவில் அம்பாசிடர் நின்றது அதே ஆண்டு மே மாதம். இரண்டும் இந்த பானெட்டுக்கு அடியில் சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தன.

திராட்சைக் கடைகள் வரிசையாக இருந்த இடத்தில் நிறுத்தினோம். கீழே குனிந்து பார்த்தேன். சென்னையில் ஏ.சி. கார் நின்றால் ஐந்து நிமிஷத்தில் அடியில் குளம் கட்டும். ஈரக்காற்று கூலிங் காயிலில் பட்டு உதிர்க்கும் தண்ணீர் அது. இங்கே எண்ணி ஏழெட்டுச் சொட்டு, தார் ரோட்டில் விழுந்த மாத்திரத்தில் காய்ந்தும் போனது. காற்றைப் பிழிவதில் செலவாகும் சக்தி மிச்சப்படுவதால்தான் இந்தச் சின்னப் பெட்டி அவ்வளவு பெரிய காரைக் குளிர்விக்கிறது என்றார் மாமா. மெட்ராஸில் இதே பெட்டி திணறும் என்று சேர்த்துக்கொண்டார், எனக்காக.

நிலக்கோட்டை, வத்தலக்குண்டு

நிலக்கோட்டையில் பூச்சந்தை கலைந்துகொண்டிருந்தது. அத்தை மல்லிகை வாங்கினார். மூடிய காருக்குள் ஏ.சி. காற்றில் மல்லிகை வாசம் சுற்றிச் சுற்றி வந்து தலைவலிக்கும் அளவுக்குப் போனது. உள்காற்றைச் சுற்றவிடும் மடலைத் திருப்பி வெளிக்காற்றை எடுத்தார் பாய். கேபிள் 'டக்' என்று இழுத்தது. முதன்முறையாக அந்த மடலுக்கு வேலை வந்தது மல்லிகையால்.

வத்தலக்குண்டில் டீ. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர், பி.எஸ். ராமையா, 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா என்று மூன்று பேரைத் தமிழுக்குக் கொடுத்த ஊர். பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் வண்டிக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் அதைப் பற்றி யாரிடம் பேசுவது? டீக்கடைக்காரர் அம்பாசிடரின் மூடிய கண்ணாடிகளைப் பார்த்துவிட்டு, "கண்ணாடி இறங்கலையாண்ணே?" என்று மாமாவிடம் அனுதாபமாக விசாரித்தார். மாமா கதவைத் திறந்து அவர் கையைப் பிடித்து உள்ளே நீட்டவைத்தார். "யாத்தாடி!" என்றார் அவர். இரண்டாவது டீக்குக் காசு வாங்கவில்லை.

காட்ரோடு, டம்டம் பாறை, பெருமாள்மலை

காட்ரோடு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மாமா ஏ.சி.யை அணைத்தார். ஐம்பது குதிரைத்திறனை ஒட்டிய எஞ்சின். அதில் கம்ப்ரஸர் மூன்று நான்கைத் தின்றுவிட்டால் ஊசிமுனை வளைவுகளில் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தே கொல்லும். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுவது ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு மீட்டர். டம்டம் பாறையில் நின்று எலிவால் அருவியைத் தேடினோம். மே மாதத்தில் அது வெள்ளை நூலாகத்தான் தொங்கியது. அத்தை முதல்முறையாகக் கண்ணாடியை இறக்கச் சொன்னார்.

ஊத்து தாண்டியதும் கோடைமழை பிடித்தது. பெருமாள்மலைக்கு முன்னால் மேகம் ரோட்டிலேயே இறங்கிவிட்டது. நான்கு பேர் மூச்சுவிடும் மூடிய காரில் முன்கண்ணாடி உள்பக்கம் புகைந்து, ஒரு வளைவு முழுக்க ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக மாமா இதற்கு வைத்திருந்த வைத்தியம் ஒரு பனியன் துணியும் அதைப் பிடித்துத் துடைக்க அத்தையும்.

"இப்பப் போடுங்க சார்" என்றார் பாய். "ரெண்டையும்."

குளிரும் சூடும் ஒரே நேரத்தில். கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனம். ஆனால் அந்தப் பெட்டி இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதன் அர்த்தம் இங்கேதான் விளங்குகிறது. கூலிங் காயில் காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்து எடுக்கிறது. காய்ந்த அந்தக் காற்றை ஹீட்டர் காயில் சூடாக்குகிறது. சூடான காய்ந்த காற்று கண்ணாடியில் பட்டால் புகை தங்காது. கண்ணாடிக்குக் காற்றைக் கொண்டுபோக அம்பாசிடரில் சரியான பாதை இல்லாததால், வேக்கம் க்ளீனரின் நெளிக்குழாயை வெட்டி இரண்டு பக்கமும் இழுத்திருந்தார்கள். கீழ் ஓரத்தில் இரண்டு தெளிவான பிறைகள் தோன்றின. அவை மேலே மேலே ஏறி ஒன்றோடு ஒன்று கலந்தபோது எதிரே ஒரு லாரியின் மஞ்சள் விளக்கு பளிச்சென்று தெரிந்தது. அத்தை மடியிலிருந்த பனியன் துணியைக் காலடியில் போட்டார்.

மாமா ஹீட்டர் வேண்டாமென்று சொன்னதை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

செம்பட்டி வழியாகக் கீழே

மறுநாள் இறங்கும்போது வத்தலக்குண்டிலேயே வெயில் வந்து கதவைத் தட்டியது. செம்பட்டி வழியாகத் திண்டுக்கல்.

வழியில் ஒரு விஷயம் பேசிக்கொண்டு வந்தோம். ஐம்பது வயது தாண்டிய, அடிச்சட்டமும் உடலும் எஞ்சினும் மாறாத வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மாமாவின் வண்டிக்கும் அந்த வயது நெருங்குகிறது. எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவே உள்ள ஃபயர்வாலில் ஓட்டை போட்டாயிற்று, டைனமோ போயிற்று. பழமை விரும்பிகள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு காலத்தின் வண்டி எப்படி இருந்தது என்று காட்ட மாற்றாத சில வண்டிகள் வேண்டும்தான். ஆனால் விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைத் தினசரி ரோட்டில் ஓட்டக் கூடாது என்பதும் அதே விதி. அத்தையின் மூட்டுவலிக்குக் கண்காட்சி வண்டி எந்த வகையில் உதவும்? பாயின் பட்டறையில் நடந்ததைக் கெடுதல் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். மாமா கழற்றிய டைனமோவைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறார், அது வேறு விஷயம்.

பழைய வண்டி வைத்திருந்து இதையெல்லாம் படித்து ஆசைப்படுபவர்களுக்கு, பாய் என்னிடம் எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பெட்டி வாங்க ஓடுவதற்கு முன்னால் ஆல்டர்நேட்டரையும் ரேடியேட்டரையும் பாருங்கள். கேபிள் பெட்டியாக வாங்குங்கள், மோந்து பார்த்து வாங்குங்கள். கேஸை அறுத்துவிடாமல் உறிஞ்சி எடுக்கச் சொல்லி காயலான் கடையிலேயே பேசிவிடுங்கள். கூடக் கொஞ்சம் காசு கேட்டால் கொடுங்கள். மலைப்பக்கம் போகிறவராக இருந்தால் ஹீட்டர் குழாயை முடிச்சுப் போட யாரையும் அனுமதிக்காதீர்கள். வேலை முடிய பத்து நாளாவது ஆகும். இரண்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.